நான் இல்லை சார், அவள்தான்

என் குரலை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் படமாக இருந்தாலும் கதாநாயகன் ஒரு சுவரேறிக் குதித்து ஓடுவான். துரத்தி வருகிற கும்பலில் முதல் அடியாள் "பிடிங்கடா" என்பான், இரண்டாவது அடியாள் "விடாதீங்கடா" என்பான், மூன்றாவது அடியாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு "தப்பிச்சுட்டான்டா" என்பான். அந்த மூன்றாவது ஆளின் முகம் யாருடையதோ, மூச்சிரைப்பு என்னுடையது. டப்பிங் ஸ்டுடியோவில் எனக்குப் பெயரே 'அடியாள் மூணு'. இது போக, லிஃப்டில் "கதவு மூடுகிறது" என்று சொல்வதும் நான்தான். அதைக் கேட்டு இதுவரை யாரும் காலை உள்ளே இழுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்ட எனக்குக் கதாநாயகன் வேடம் கிடைத்தது. அதுவும் ஒன்றல்ல, ஐந்து பேர்.

ஜப்பானிலிருந்து வந்த அனிமே கார்ட்டூன் தொடர் அது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனின் உடம்பில் ஐந்து பேர் குடியிருக்கிறார்கள். கண்ணின் நிறம் மாறினால் ஆள் மாறிவிட்டது என்று அர்த்தம். கறுப்புக் கண் என்றால் பையன். கதவில் இடித்துக்கொண்டாலும் கதவிடம் மன்னிப்புக் கேட்பான். சாம்பல் கண் ஒரு கிழவர், எதற்கெடுத்தாலும் அறிவுரை. நீலக் கண் ஐந்து வயதுக் குட்டி. பச்சைக் கண் பேசவே பேசாத ஒருவன், முறைப்பான், அவ்வளவுதான். சிவப்புக் கண் வந்தால் அது அவள். பையன் நாள் முழுக்க வாங்கி வைத்த அவமானத்தை எல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுப்பவள். ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் பையன் கண் திறக்கும்போது எதிரில் யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், இவன் போய் "என்ன ஆச்சு?" என்று கேட்பான்.

"ஒரு உடம்புதானே? ஒரு தொண்டை போதும்" என்றார் எங்கள் டப்பிங் டைரக்டர். என் திறமையைக் கண்டு கொடுத்த வாய்ப்பு என்று நான் வெளியில் சொல்லிக்கொள்கிறேன். ஐந்து கலைஞர்களை ஒரே நாளில் பிடிக்க முடியவில்லை என்பது நிஜம்.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். என் மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலையும் மாலையும் ஒரு வண்டி நிறையப் பிள்ளைகளை அதட்டிப் பழகியவளுக்கு நான் எந்த மூலைக்கு? சமையலறையில் நான் ஐந்து பேராகப் பேசிக்கொண்டு நடப்பதை அவள் வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"அந்தச் சிவப்புக் கண்ணு பொண்ணு பேசுறப்போதான் இந்த வீட்ல ஒரு ஆள் இருக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள் ஒருநாள்.

"அப்ப நான்?"

"நீங்களும் இருக்கீங்க, ஒரு ஓரமா. மாடி வீட்டுக்காரரு நாள் பூரா தண்ணி மோட்டாரைப் போட்டுடறாரு, நம்ம சுவரே அதிருது. போய்க் கேளுங்கன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு? உங்களால முடியலைன்னா அவளையாவது அனுப்புங்க."

அனுப்பினேன். படியேறும் வரைக்கும் அவள் குரலில்தான் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். "மோட்டாரை நிறுத்துறியா, நான் நிறுத்தட்டுமா?" என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. கதவு திறந்ததும் கண் கறுத்துவிட்டது. "தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அவரும் சந்தோஷமாகக் கையாட்டினார்.

ஆனாலும் மனைவி தன் பேருந்துப் பிள்ளைகளிடம் பெருமை அடித்துவிட்டாள். "வர்ற திங்கக்கிழமை சாயங்காலம் எல்லாரும் டிவி பாருங்க. அஞ்சு பேரும் எங்க வீட்டுக்காரர்தான்." என்னைப் பற்றி அவள் வெளியில் பெருமையாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தத் திங்கட்கிழமைக்கு எந்தக் குறையும் வரக் கூடாது என்று நான் மனதுக்குள் அழாத குறையாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

குறை வாரியத்திலிருந்து வந்தது.

டப்பிங் செய்த எந்தத் தொடரும் ஒலி ஒழுங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வெளியே வர முடியாது. குரல் கொடுத்தவர்கள் நேரில் போய் நிற்க வேண்டும். "வெறும் சம்பிரதாயம்தான், போய்ட்டு வந்துடு. ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வாங்கலைன்னா சேனல்காரங்க வேற எதையாவது போட்டுருவாங்க. அப்புறம் நீ பழைய மாதிரி சுவரோரம் ஓட வேண்டியதுதான்" என்றார் டைரக்டர்.

வெள்ளிக்கிழமை காலை போனேன். நீளமான தாழ்வாரம், ஒரே மாதிரிக் கதவுகள், ஒவ்வொன்றிலும் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. வாசலில் வயதான அலுவலக உதவியாளர் ஒருவர் மடியில் ஒரு மெத்தைத் திண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை பேரு தம்பி?"

"அஞ்சு பேருங்க. ஆனா நான் மட்டும்தான் வந்திருக்கேன்."

அவருக்கு அது வியப்பாகவே இல்லை. "இங்கயும் அப்படித்தான். உள்ள போங்க" என்று ஆய்வுப் பிரிவின் கதவைக் காட்டி, திண்டோடு எனக்கு முன்னால் உள்ளே போனார்.

ஆய்வுப் பிரிவில் கறுப்பு ஃபிரேம் கண்ணாடி போட்ட அதிகாரி இருந்தார். தங்கமான மனிதர். தொடரின் முதல் காட்சியைத் திரையில் ஓடவிட்டு, "பிரமாதம், பிரமாதம்" என்று தொடையில் தட்டினார். "இதுல குறை சொல்றவனுக்கு ரசனையே இல்லைன்னு அர்த்தம். பரிந்துரை பண்ணிட்டேன். பக்கத்து அறைக்குப் போங்க, சட்டப் பிரிவு ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது." நான் பூரித்துப்போய், அவருக்கு ஏற்ற மாதிரி உற்சாகமான குரலில் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உதவியாளர் திண்டைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் அடுத்த அறைக்குள் போனார்.

உள்கதவு வழியாக வந்து சட்டப் பிரிவிலும் அவரே உட்கார்ந்திருந்தார். தங்க நிற ஃபிரேம் கண்ணாடி மட்டும் புதிது.

"யார் நீங்க?" என்றார்.

"சார், இப்பதான் பார்த்தோம். பிரமாதம்னு சொன்னீங்க."

"நானா? அது ஆய்வுப் பிரிவு. அவங்க என்ன சொன்னாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" அவர் பரிந்துரையைப் பிரித்துப் படித்தார். முகம் கடுகடுத்தது. "இந்த ஆளு எப்பவுமே இப்படித்தான். கண்ணை மூடிட்டுக் கையெழுத்து போடுறது. போன வருஷமே இவருக்கு ஒரு மெமோ கொடுத்தேன். வாங்கிட்டு பதிலே சொல்லலை, திமிரு."

நான் திரும்பி உதவியாளரைப் பார்த்தேன். அவர் என் காதருகே குனிந்து, "நாலு பதவி காலியா கிடக்கு தம்பி, எல்லாத்துக்கும் கூடுதல் பொறுப்பு ஐயாதான். அந்த மெமோ வந்த அன்னைக்கு ஆய்வுப் பிரிவு மனசு உடைஞ்சு போய்ட்டாரு. நான்தான் டீ வாங்கிக் கொடுத்து சமாதானப்படுத்தினேன்" என்றார்.

சட்டப் பிரிவு தொண்டையைச் செருமிக்கொண்டது. "இந்தத் தொடர் நடைமுறைக்கே ஒத்துவராது. ஒரு உடம்புல அஞ்சு பேரு. காலையில ஒருத்தன் செஞ்சதை மத்தியானம் இன்னொருத்தன் தெரியாதுங்கறான். கேட்டா, 'அது நான் இல்லை'ங்கறான். இப்படி உலகத்துல யாராவது உண்டா? பிள்ளைங்க இதைப் பார்த்துட்டு, வீட்டுப்பாடம் எழுதாம வந்து, 'அது நான் இல்லை டீச்சர்'னு சொன்னா யார் பொறுப்பு? பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்லையா?"

"இருக்கு சார்" என்றேன். இப்போது என் குரல் மெலிந்து பையனின் குரலாகிவிட்டிருந்தது.

"சரி, குரல் சோதனை. இந்தப் பச்சைக் கண்ணுக்காரன் பேச மாட்டானா?"

"மாட்டான் சார்."

"அவன் பேசாம இருக்கிறதை யார் பண்றது?"

"நான்தான் சார்."

"பேசாம இருந்து காட்டுங்க."

கைகட்டி நின்று பேசாமல் இருந்தேன். அவர் கன்னத்தில் கைவைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் கூர்ந்து கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "போதாது. அவன் பயமில்லாம பேசாம இருக்கிறவன். நீங்க பயந்துக்கிட்டு பேசாம இருக்கீங்க." அந்த ஒரு விஷயத்தில் சட்டப் பிரிவு சரியாகக் கண்டுபிடித்துவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன். நிராகரிக்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்தது சிறார் நலப் பிரிவு. அங்கே கண்ணாடி வட்டமானது, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கியது. ஐந்து வயதுக் குட்டியின் குரலில் நான் ஒரு வரி பேசியதும் அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் தலையைத் தடவினார்.

"இந்தப் பிஞ்சுக் குரலை வேலைக்கு வச்சிருக்காங்களே, மனசாட்சி இருக்கா? அப்பா அம்மா சம்மதம் இல்லாம நான் அனுமதிக்க மாட்டேன்."

"குரல்தான் சார் குட்டியோடது. எனக்கு நாற்பது தாண்டிருச்சு."

"உங்களைப் பத்தி யார் பேசினா? நான் குழந்தையைப் பத்திப் பேசுறேன். பெரியவங்க குறுக்க பேசாதீங்க."

வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. "ஆமா சார், குழந்தைதான். சட்டையை எங்க கழட்டி வச்சோம்னு கூடத் தெரியாது. நான்தான் வளர்க்கிறேன். முழுச் சம்மதம் சார்." அதிகாரி நெகிழ்ந்துபோய், "தாயுள்ளம், தாயுள்ளம்" என்று சொல்லியபடி ஒப்புதல் எழுதினார். நான் குட்டியின் குரலிலேயே அவருக்கு டாட்டா சொன்னேன். அப்படிச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை.

சட்டப் பிரிவின் நிராகரிப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. மேல்முறையீட்டுப் பிரிவில் கண்ணாடி தடிமனானது, அதன் வழியே அதிகாரியின் கண்கள் பெரிது பெரிதாகத் தெரிந்தன. "சட்டப் பிரிவு தப்பு பண்ணிட்டாருன்னு சொல்றீங்களா?" என்றார்.

"அப்படிச் சொல்லலை சார்."

"தைரியமா சொல்லலாம். எனக்கும் அந்த ஆளுக்கும் ஆகாது. அவரு மூஞ்சியைப் பார்த்தே பல வருஷம் ஆச்சு. ஆனா ஒண்ணு, அவர் செஞ்சது தப்புன்னு நான் எழுதினா, வாரியத்துல தப்பு நடந்ததா ஆகிடும். வாரியத்துல தப்பு நடக்கிறதில்லை. அதனால உங்க மேல்முறையீட்டை நான் மனசார ஏத்துக்கிட்டு, தள்ளுபடி பண்றேன். இனிமே கூட்டுக் கூட்டம்தான்."

கூட்டுக் கூட்டம் மதியத்துக்கு மேல் நடந்தது. நீள மேசை, நான்கு நாற்காலி, நாற்காலிக்கு ஒரு பெயர்ப்பலகை, பலகைக்கு முன்னால் ஒரு கண்ணாடி. உதவியாளரின் மடித்திண்டு எதற்கென்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. ஐயாவுக்கு இடுப்பு வலி, திண்டு இல்லாமல் உட்கார முடியாது. ஆகவே எந்தப் பிரிவு பேச நினைத்தாலும் முதலில் திண்டு போகும்.

"ஆய்வுப் பிரிவு என்னைக்காவது ஒரு தொடரை முழுசா பார்த்ததுண்டா?" என்றது தங்க ஃபிரேம். திண்டு நகர்ந்தது. "இந்த மாதிரி அவமானத்தை என்னால தாங்க முடியாது. நான் வெளிநடப்பு செய்றேன்" என்று கறுப்பு ஃபிரேம் எழுந்து வெளியே போய்விட்டது. அறையில் நானும் உதவியாளரும் மட்டும் மிஞ்சினோம். கொஞ்சம் கழித்துக் கதவு திறந்தது. அதிகாரி வெறும் கண்ணோடு தடவித் தடவி வந்து, தடிமனான கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "ஆய்வுப் பிரிவு எங்க? கூட்டத்துல பாதியில எழுந்து போறதே இவருக்குப் பொழப்பா போச்சு" என்றார்.

வாக்கெடுப்பில் ஆய்வும் சிறார் நலமும் ஆதரவு, சட்டமும் மேல்முறையீடும் எதிர்ப்பு. சமமாக நின்றது. தலைவர்தான் தீர்க்க வேண்டும்.

"தலைவர் யாரு சார்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்தப் பொறுப்பும் என்கிட்டதான். ஆனா தலைவர் இன்னைலேர்ந்து விடுப்புல இருக்காரு. இடுப்பு வலின்னு எழுதிக் கேட்டாரு, பாவமா இருந்துச்சு, நான்தான் அனுமதி கொடுத்தேன். நல்லா ஓய்வெடுக்கட்டும். அடுத்த மாசம் வாங்களேன்" என்று அதிகாரி எழுந்தார்.

ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை மாலை ஒரு வண்டி நிறையப் பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து ஏமாறப் போவதும், செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் என் மனைவியைக் கேட்கப் போவதும், அவள் பதில் சொல்லாமல் கியர் மாற்றப் போவதும் எனக்குத் தெரிந்தன. முகம் பார்க்கும் கண்ணாடி இருந்திருந்தால் என் கண் சிவந்ததை நானே பார்த்திருப்பேன்.

"யோவ், உட்காருய்யா!"

அதிகாரி உட்கார்ந்துவிட்டார். திண்டு இல்லாத நாற்காலியில்.

"எத்தனை நாற்காலில மாறி மாறி உட்காருவ? ஒண்ணுலயாவது ஒழுங்கா உட்கார்ந்தியா? காலையில பிரமாதம்னு சொன்னது எந்த வாய்? இதே வாய்தானே? அப்புறம் ஒத்துவராதுன்னு சொன்னது? அதுவும் இதேதானே? உனக்கு நீயே மெமோ, உனக்கு நீயே லீவு, உன்மேல உனக்கே கோவம். நடுவுல நாங்க என்ன பந்தா, இங்கயும் அங்கயும் உதைபட? கழட்டு அந்தக் கண்ணாடியை. கழட்டிட்டு யாரு நீன்னு சொல்லு. பிள்ளைங்க காத்துட்டு இருக்குதுங்க, போடுறியா இல்லையா கையெழுத்து?"

அது அவள் குரல். அந்த அறையில் அது எப்படி முழங்கியது என்று என்னால் விவரிக்க முடியாது. ஸ்டுடியோவில்கூட அவ்வளவு நன்றாக வரவில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தழும்பு. கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாத அந்த முகம் யாரோ புது ஆளுடையதாக, ரொம்பக் களைத்ததாக இருந்தது.

"நான் இப்ப எந்தப் பிரிவு?" என்று உதவியாளரிடம் கேட்டார்.

"ஆபீஸ் முடியுற நேரம் ஐயா. வீட்டுக்குப் போகலாம்."

"வீட்டுக்கு எந்தக் கண்ணாடி?"

உதவியாளர் திண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த மனிதர்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. அவர் மெதுவாகப் பேனாவை எடுத்தார். ஒப்புதல் தாளை அருகில் இழுத்தார். பேனா முனை தாளைத் தொடுகிற நேரத்தில் நிமிர்ந்து, அதட்டல் எதுவும் இல்லாமல், தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற ஒருவரைப் போலக் கேட்டார்:

"இப்ப பேசினது யாரு?"

ஒரே சொல்லில் சொல்லக்கூடிய பதில்தான். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"நான் இல்லை சார்" என்றேன். "அவள்தான்."

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. தொலைந்துபோன பிள்ளை தெரிந்த தெருவைப் பார்த்தது போல. கை தானாகப் போய்த் தங்க ஃபிரேமை எடுத்து மாட்டிக்கொண்டது. "அதானே பார்த்தேன்! உங்களைப் பார்த்தா அப்படிப் பேசுற ஆளாத் தெரியலை. நீங்க ஒழுங்கானவரு. அந்த அம்மாதான் வாரியத்தை அவமதிச்சது. தப்பு செஞ்சவங்க மேலதான் நடவடிக்கை, மத்தவங்களை ஏன் தண்டிக்கணும்?"

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. திண்டு நான்கு நாற்காலியையும் ஒரு சுற்று வந்தது. பையன், கிழவர், குட்டி, பேசாதவன் நால்வருக்கும் ஏகமனதாக ஒப்புதல். தலைவர் விடுப்பிலிருந்தே கையெழுத்துப் போட்டார். சிவப்புக் கண்ணுக்காரி மட்டும் தொடர் முழுக்கத் தடை செய்யப்பட்டாள். தடை ஆணையை அவளிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். அவள் சார்பில் பெற்றுக்கொண்டேன் என்று நானே கையெழுத்தும் போட்டேன். கிளம்பும்போது அதிகாரி என் கையைக் குலுக்கி, "வாரியத்தைப் புரிஞ்சு நடந்துக்கிறவங்க குறைவு. இங்க ஒரு பதவி காலியா இருக்கு, யோசிச்சுப் பாருங்க" என்றார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வீடு வரும்வரைக்கும் அந்தப் பாராட்டை நினைத்து மகிழ்ந்துகொண்டே வந்தேன்.

மனைவியிடம், "ஒப்புதல் கிடைச்சாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை மாலை இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். சுவர் வழியாக மாடி வீட்டு மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. தொடர் ஆரம்பித்தது. பையன் மன்னிப்புக் கேட்டான், கிழவர் அறிவுரை சொன்னார், குட்டி சிரித்தது. "நல்லாருக்குங்க, நிஜமாவே நல்லாருக்கு" என்று அவள் என் முழங்காலில் தட்டினாள். அப்புறம் பள்ளிக்கூடத்து முரடர்கள் பையனைப் பிடித்து, வாயில் துணியை அடைத்து, ஓர் அறையில் பூட்டினார்கள். துணி கீழே விழுந்தது. கண்கள் சிவந்தன. வாய் திறந்தது. சத்தமே வரவில்லை.

"டிவி போச்சா?" என்று அவள் ரிமோட்டைத் தட்டினாள்.

திரையின் கீழே வாரியத்தின் ஆணைப்படி இந்தக் குரல் நீக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி ஓடியது. அவள் அதைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். நான் டீயைப் பார்த்தேன். திரையில் அந்தப் பெண் ஆவேசமாக, ஊமையாக வாயசைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது என் மனைவி ரிமோட்டை வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த வாயசைவுக்குப் பேச ஆரம்பித்தாள். சமையலறையில் தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். ஒரு எழுத்து பிசகவில்லை. என்னைவிடப் பிரமாதமாக இருந்தது.

"யாருடா அது? என் வாயை மூடினது யாருடா? முன்னால வா!"

தொடரில் இதற்குப் பதில் கிடையாது. முரடர்கள் ஓடிவிடுவார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"நான்தான்" என்றேன்.

அவள் திரும்பினாள். வெள்ளிக்கிழமை நடந்ததை முழுதும் சொன்னேன். பேனா தாளைத் தொட்டதையும், அவர் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகியது. முடிந்ததும் ஏதோ கேட்க வாயெடுத்து, நிறுத்தி, காதைச் சாய்த்தாள்.

"இது எந்த ஆளு?"

"எது?"

"இப்ப பேசின குரலு. அஞ்சு பேருல யாருமில்லை. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் இதைக் கேட்டதே இல்லையே."

யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் கரகரப்பாக, பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாமல், கிட்டத்தட்ட லிஃப்ட் மாதிரிதான் இருந்தது.

"என்னோடதுன்னு நினைக்கிறேன்" என்றேன்.

மாடியில் மோட்டார் உறுமியது. அவள் கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்து டீயை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப அந்தக் குரலு ஆறிப் போறதுக்குள்ள மாடிக்குப் போய்ட்டு வாங்க. வாரியத்துக்கு நாளைக்குப் போகலாம்."

எழுந்தேன். படியில் எதையும் ஒத்திகை பார்க்கவில்லை. கதவைத் தட்டினேன். திறந்தார்.